இல்லாத குளத்தின் கரை

இல்லை, முழு வட்டம்கூட இல்லை, ஒரு பக்கம் கொஞ்சம் நசுங்கிய வட்டம், அந்த நசுங்கலைத்தான் மடை என்று நினைத்து அம்புக்குறி வேறு போட்டு வைத்தார், மகா கெட்டிக்காரர்... பேருந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது, கம்பியைப் பிடித்துக்கொண்டார், வளைவு வந்துவிட்டது. அவர் போட்ட வளைவு. நகரமைப்பு அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் வரைவாளராக இருந்துவிட்டு இந்த ஊருக்கு அவர் கொடுத்துப்போன ஒரே நினைவுச்சின்னம். அம்புபோல் போகவேண்டிய புறவழிச்சாலை இங்கே மட்டும் எதற்கோ பயந்து ஒதுங்கிப் போகும், எதற்குப் பயந்தது? ஒரு குளத்துக்கு. எந்தக் குளம்? மூல வரைபடத்தின் மேல் யாரோ தேநீர் டம்ளரை வைத்த கறை, நகலில் கறுப்புக் கோடாக விழுந்திருந்தது, அதைக் குளக்கரை என்று எடுத்துக்கொண்டு சாலையை வளைத்தார். தாளில் நாலு விரல் அகலம், தரையில் நூற்றைம்பது மீட்டர். யாரோவா? அடி நசுங்கிய டம்ளர் அந்த அலுவலகத்தில் ஒருவரிடம்தான் இருந்தது. நேரில் போய்ப் பார்த்திருந்தால்... அன்றைக்கு என்ன வெயில், நிறுத்தத்திலிருந்து பத்து நிமிட நடைதான், போகவில்லை, நாற்காலியில் சாய்ந்தபடியே ‘நேரில் சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கால்சட்டையின் கீழ்முனை இன்னும் ஈரம், செருப்புக்குள் விரல்கள் ஊறிக் கிடந்தன. காலையில் அக்கா வீட்டுக்குப் போய் நோட்டீஸை வாங்கிக்கொண்டுதான் இந்தப் பேருந்தைப் பிடித்தார். வளைவுக்கு உள்ளே நாற்பது வீடு, அதில் ஒன்று அக்காவுடையது, நீர்நிலை ஆக்கிரமிப்பு, பதினைந்து நாளில் காலி செய்யவேண்டும். கட்டிலைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள், கீழே வீட்டுக்குள் புகுந்த மழைத் தண்ணீரில் ஒற்றைச் செருப்பு மிதந்தது. நீதானேடா தம்பி இங்க வாங்கச் சொன்ன, ஊரு ஆயிரம் சொல்லும், குளமும் இல்ல ஒண்ணும் இல்ல, தைரியமா வாங்குக்கான்னு சொன்னியே... கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை, சந்தேகம் கேட்பதுபோல் கேட்டாள். சொன்னார்தான். குளத்து மனை என்று ஊரே ஒதுங்கியது, குளம் இல்லை என்று உலகத்திலேயே தெரிந்தவர் அவர் ஒருவர், சாலை போட்ட மறுவருடமே மூலத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டவர். அதை அலுவலகத்தில் சொல்ல வாய் வரவில்லை, அக்காவிடம் மட்டும் வந்தது, உபகாரம் செய்கிறோம் என்றுதான் நினைத்தார்.

பின் இருக்கையில் யாரோ யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்கள், இது பூரா பெரிய குளங்க, எங்கப்பா இதுல நீச்சலடிச்சிருக்காரு, ஒரு பொண்ணுகூட விழுந்து செத்துப்போச்சு. அவர் திரும்பவில்லை. முதல் தடவை கேட்டபோது சிரிப்பு வந்தது, இரண்டாம் தடவை வரவில்லை, இப்போது அந்தப் பெண்ணுக்கு வயது, தாவணி நிறம் எல்லாம் சேர்ந்துவிட்டன, இல்லாத குளத்தில் செத்தவள் எங்கே போவாள்? பேருந்து இங்கே சாயும்போது சில நாள் அவருக்கே பாசி வாடை அடிக்கிறது, கண்ணை மூடினால் படியில் தண்ணீர் மோதும் சத்தம், எந்தப் படி? படி எதுவும் அவர் வரையவில்லையே... பயமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால் நல்ல பயம்.

அலுவலகத்தில் அவருடைய பழைய மேசையில் இருந்தது ஒரு இளம் அதிகாரி, மகள் வயதுப் பெண், எழுந்து நின்று நாற்காலி போட்டது, தேநீர் வரவழைத்தது. “ஐயா, உங்க கையெழுத்துதான் இருக்கிற ஒரே ஆதாரம். குளம் இருந்துச்சுன்னா நோட்டீஸ் அப்படியே நிக்கும். இல்லேன்னா...” முடிக்கவில்லை. முடிக்கவும் வேண்டாம், பொய்ச் சான்று, விசாரணை, முப்பத்தோரு வருட நல்ல பெயர், எல்லாம் அந்த ‘இல்லேன்னா’வுக்குள் இருந்தன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் உண்டு, ஒரு குளம் இல்லாததையே தாளில் ஒளித்து வைத்தவர்... அக்காவின் கால்விரல்கள் கட்டிலின் ஓரத்தைப் பற்றிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது.

“குளம் இல்லம்மா. எப்பவும் இல்ல. அது என் டம்ளர் பட்ட கறை. நான் போய்ப் பாக்கவே இல்ல.”

சொல்லிவிட்டார், இத்தனை வருடத்துக்குப் பிறகு நெஞ்சு லேசானது, ஒரு மூச்சு இழுக்கும் நேரம்தான். அதிகாரி அவர் முகத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தது, வாசலிலிருந்து நாற்காலி வரை அவருடைய ஈரக் காலடிகள்.

“எழுதிக்கிறேங்கய்யா. ஆனா நேத்து நானே போய் அளந்தேன். அந்தப் பக்கம் மேடு, இந்தப் பக்கம் உங்க ரோடு, மேல மேல போட்டு மூணடி ஒசந்து கரை மாதிரி நிக்குது. வர்ற தண்ணி எங்க போகும்? ஒரே ஒரு எடத்துல மட்டும் வழியுது.” வரைபடத்தில் விரலை வைத்தது. அவர் அம்புக்குறி போட்ட இடம்.

அப்படியானால் நோட்டீஸே போனாலும் தண்ணீர் போகாது... நாளைக்கும் மழை என்றார்கள், அக்கா கட்டிலுக்கு இன்னொரு வரிசை செங்கல் கேட்பாள், ஒருவேளை குளத்தில் விழுந்த அந்தப் பெண்கூட... தேநீர் ஆறிவிட்டது. மேசை முழுக்க வரைபடங்கள் விரித்துக் கிடந்தன. டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார்.