அந்தோலினின் பங்கு

காலை பத்து மணிக்கு மேல் அந்த வீட்டில் கொர்பாத்தாவுக்குப் படுக்க ஒரே ஓர் இடம்தான் உண்டு. வீட்டின் பின்பக்கம் திராட்சைப் பந்தல் இருந்தது. பந்தலின் தெற்கு மூலையில், கொடியின் அடித்தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி, மண் எப்போதும் ஈரமாகவே இருக்கும். பராகுவேயின் டிசம்பர்க் கோடை வெயிலில் செங்கல் தரை பாதத்தைச் சுடும். தகரக் கொட்டகையின் கீழே மூச்சு முட்டும். அந்த ஓரிடம் மட்டும் சில்லென்று கிடக்கும். நாய் முன்கால்களால் பத்துப் பன்னிரண்டு முறை பறித்து, மூன்று சுற்றுச் சுற்றி, வயிறு மண்ணில் ஒட்டும்படி படுத்துக்கொள்ளும். கழுத்திலிருந்து மார்புக்கு இறங்கும் வெள்ளைப் பட்டை அழுக்கேறிப் பழுப்பாகிவிடும். அந்தப் பட்டை டை கட்டியதுபோல் இருந்ததால்தான் வீட்டுக்காரர் அந்தோலின் அதற்குக் கொர்பாத்தா, அதாவது டை, என்று பெயர் வைத்தார்.

அந்தோலின் ஜூன் மாதக் குளிரில் போய்ச் சேர்ந்தார். பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள், திரும்பக் கொண்டுவரவில்லை. நாய்க்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவருடைய தோல் நாற்காலி உள்ளறைக்குப் போய்விட்டது. நாற்காலி கிடந்த இடம்தான் இந்த ஈர மண்.

ஈரம் எங்கிருந்து வந்தது என்பதும் நாய்க்குத் தெரியும். தினமும் காலையில் அவர் மனைவி தியோதோரா தனியாக வந்து உட்காருவாள். கொம்புக் குவளையில், தேயிலைபோல் அங்கே எல்லோரும் குடிக்கும் எர்பா இலைத்தூளைப் போடுவாள். பச்சிலை இடித்துக் கலந்த ஐஸ் தண்ணீர் ஜாடியைப் பக்கத்தில் வைத்துக்கொள்வாள். ஊர் வழக்கப்படி முதல் ஊற்று புனித தோமையாருக்கு. அதை யாரும் குடிப்பதில்லை, இலையே இழுத்துக்கொள்ளும். இரண்டாவது ஊற்று நாற்பத்தோரு வருடமாக அந்தோலினுக்குப் போனது. இப்போதும் ஊற்றினாள். அவர் உறிஞ்சி முடிக்க ஆகும் நேரம் குவளையைக் கையில் வைத்திருந்துவிட்டு மண்ணில் சாய்த்தாள். மூன்றாவதிலிருந்துதான் தான் குடித்தாள். கடைசியில் சாரம் போன இலையும் ஜாடியில் மிச்சமிருந்த தண்ணீரும் அங்கேயே போகும். இதைப் பார்த்த உயிர் கொர்பாத்தா ஒன்றுதான்.

டிசம்பர் நான்காம் தேதி மகன் நெரியோ புவனோஸ் ஐரிஸிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினான். அங்கே கட்டட வேலை; ஜனவரி எட்டாம் தேதி திரும்பவும் வேலைக்கு நிற்க வேண்டும். அவன் எழுந்து வருவதற்குள் தியோதோரா தன் காரியத்தை முடித்துவிடுவாள்.

எட்டாம் தேதி காக்குப்பே மாதா திருநாளுக்கு மறுநாள் அடுத்த வீட்டு ஹசிந்தோ வந்தார். கொய்யா வேலியில் ஒரு பலகையை நகர்த்தினால் அவர் வீடு. குவளை கை மாறிக்கொண்டிருந்தபோது அவர் பார்வை நாயின் குழியில் நின்றது.

"நெரியோ, இது எத்தனை நாளா இங்க தோண்டுது?"

"நான் வந்ததுலேர்ந்து பாக்குறேன் மாமா. தெனமும் இதே எடந்தான்."

"இதே எடமா?" ஹசிந்தோ குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பெரிய போர்ல மூணு நாட்டுப் படை உள்ள வந்தப்ப, சனங்க பொன்னையெல்லாம் பானையில போட்டுப் பொதைச்சிட்டு ஓடினாங்க. இந்தத் தெரு அப்பவே இருந்த தெரு. நாய் சும்மா தோண்டாது."

"ஆரம்பிச்சிட்டியா ஹசிந்தோ," என்றாள் தியோதோரா. "உன் வீட்டைச் சுத்தி ஏழு குழி கெடக்கு. ஒரு கரண்டியாவது வந்துச்சா?"

"அக்கா, புதையலுக்குத் தலையில்லாத வெள்ளை நாய் காவல்னு சொல்லுவாங்க. இதுக்கும் நெஞ்சு வெள்ளைதானே?"

"இதுக்குத் தலை இருக்குப்பா. உள்ளதான் ஒண்ணுமில்ல. குளிர்ச்சிக்குப் படுக்குது, விடு."

"அங்க மட்டும் எப்படிக்கா குளிர்ச்சி வரும்?"

தியோதோரா குவளையை வாங்கிக்கொண்டு இலையைக் கிளறினாள். அவள் பேசாமல் இருந்ததை நெரியோ கவனித்தான். ஹசிந்தோவும் கவனித்தார்.

அந்த ஊரில் மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை எல்லோருக்கும் தூக்கம். இரண்டு நாள் கழித்து, அந்த நேரத்தில், ஹசிந்தோ மண்வெட்டியோடு பலகையை நகர்த்திக்கொண்டு வந்தார். உள்ளே தியோதோராவின் மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. அவரும் நெரியோவும் நாயைத் தள்ளிவிட்டு அதன் குழியிலேயே தோண்டத் தொடங்கினார்கள்.

கொர்பாத்தாவுக்கு வாலாட்டி மாளவில்லை. மனிதர்களுக்கு ஒருவழியாகப் புத்தி வந்துவிட்டது, அவர்களும் படுக்க இடம் செய்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டது. குழிக்குள் குதித்துத் தானும் பறித்தது.

"பாத்தியா? வெலங்குக்கும் அவசரம்," என்றார் ஹசிந்தோ.

மேல்மண்ணுக்கு அடியில் கறுப்பாக ஓர் அடுக்கு வந்தது. நெரியோ ஒரு பிடி எடுத்து முகர்ந்தான். "எர்பா வாசனை அடிக்குது மாமா."

"பழைய குப்பையா இருக்கும். தோண்டு."

முழங்கால் ஆழத்தில் மண்வெட்டி எதிலோ மோதியது. ஹசிந்தோ சிலுவை போட்டுக்கொண்டார். மண்ணை விலக்கினால், மணிக்கட்டுப் பருமனில் கொடியின் வேர்.

"இதுக்குக் கீழதான். வேர் பானையைக் கட்டிப் பிடிச்சிக்கும். வெட்டு."

"அப்பா நட்டது மாமா."

"ஒரு வேர்தானடா. கொடிக்கு நூறு வேர் இருக்கும்."

நெரியோ வெட்டுக்கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் குந்தியிருந்தான். பிறகு வெட்டினான். மூன்று வெட்டு. வெட்டுவாயில் நீர் கசிந்தது, நாய் அதை நக்கிப் பார்த்தது. வேருக்குக் கீழே இறுகிய செம்மண், அதற்கும் கீழே இன்னும் செம்மண்.

"பானை நகர்ந்துபோச்சு," என்றார் ஹசிந்தோ, வியர்வையைத் துடைத்தபடி. "யாராவது பேராசைப்பட்டா அது நகர்ந்துபோயிடும்." சொல்லிவிட்டு நெரியோவைப் பார்த்தார்.

மூன்று மணிக்குள் குழியை மூடிப் பெருக்கியும் விட்டார்கள். மறுநாள் காலையில் தியோதோரா தளர்ந்திருந்த மண்ணைக் காலால் தொட்டுப் பார்த்தாள். நாயின் வேலை என்று நினைத்தாளோ என்னவோ, வழக்கம்போல் இரண்டாவது ஊற்றைச் சாய்த்துவிட்டுப் போனாள்.

நிழல் குறைவதை முதலில் அறிந்தது கொர்பாத்தாதான். முதலில் அதன் முதுகின்மேல் காசளவில் வெயில் விழுந்தது. நான்கு நாளில் அந்தக் காசுகள் தட்டுகளாயின. இலைகள் ஓரம் சுருண்டு, சருகாகி, அதன் மூக்கின்மேல் உதிர்ந்தன. கறுத்துக்கொண்டிருந்த குலைகள் பழுக்காமலே சுருங்கின. ஒவ்வோர் ஆண்டும் கிறிஸ்துமஸ் குடிலின் கூரையில் முதலில் தொங்குவது அந்தப் பந்தலின் குலைதான். இந்த ஆண்டு குடிலில் பாளைப்பூ மட்டும் மணத்தது.

இருபத்துமூன்றாம் தேதி காலையில் நெரியோ சீக்கிரம் எழுந்துவிட்டான். அவன் வாசற்படிக்கு வந்தபோது தியோதோரா இரண்டாவது ஊற்றை மண்ணில் சாய்த்துக்கொண்டிருந்தாள். அவன் அப்படியே நின்றான். அந்தக் கறுப்பு அடுக்கு எதனால் ஆனது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

"அது யாருக்கும்மா?"

"உங்கப்பாவுக்கு."

 நாய் அவள் முகத்தையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது.

"நான்தாம்மா வேரை வெட்டினேன்."

"தெரியும். ஹசிந்தோ பத்து நாளா என் கண்ணைப் பாத்துப் பேசல."

"அன்னிக்கே சொல்லியிருந்தா..."

"என்னத்தச் சொல்ல? செத்தவருக்குத் தண்ணி ஊத்துறேன், கெழவிக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு நீ நெனைக்கவா?" அவள் குவளையை மடியில் வைத்தாள். "நீ ஏன்டா கேக்கல? தோண்டட்டுமான்னு ஒரு வார்த்தை."

"கெடைச்சிருந்தா திரும்பிப் போக வேண்டாமேன்னு பாத்தேன்மா. உன்கூடவே இருந்திருக்கலாம்."

தியோதோரா பந்தலை நிமிர்ந்து பார்த்தாள். கம்பிகளுக்கு இடையில் வானம் முழுக்கத் தெரிந்தது.

"போய் நாற்காலிய எடுத்துட்டு வா," என்றாள்.

நெரியோ உள்ளே போய் அப்பாவின் தோல் நாற்காலியைத் தூக்கிவந்து பழைய இடத்தில் போட்டான். அவள் கண்ணைக் காட்டியதும் உட்கார்ந்தான். அவள் பழைய இலையைக் கொட்டிவிட்டுப் புது இலை போட்டாள். முதல் ஊற்று தோமையாருக்குப் போயிற்று. இரண்டாவதை ஊற்றி நெரியோவிடம் நீட்டினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு உறிஞ்சினான். கொர்பாத்தா ஈரத்தைத் தேடி வந்தது. மண்ணில் ஒன்றும் சிந்தவில்லை. நாற்காலியின் நிழல் மட்டும் இருந்தது, அதில் சுருண்டு படுத்தது.

பதினைந்து நாள் அப்படியே நடந்தது. ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளன்று, அந்திப் பஸ்ஸில் நெரியோ போனான். போகும்முன் உதிர்ந்த சருகையெல்லாம் கூட்டி அள்ளினான். காய்ந்த கொடியை வெட்டட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றுவிட்டாள்.

மறுநாள் காலையில் தியோதோரா தனியாக வந்து உட்கார்ந்தாள். எதிரே நாற்காலி காலியாக இருந்தது. தோமையாருக்கு ஊற்றினாள். அடுத்ததை ஊற்றிக் கையில் வைத்திருந்தாள். பிறகு காய்ந்த தண்டின் அடியில் சாய்த்தாள்.

அவள் உள்ளே போகும்வரை கொர்பாத்தா காத்திருந்தது. எழுந்து போய் ஈரத்தின்மேல் வயிற்றை வைத்தது. பறிக்க வேண்டியிருக்கவில்லை, மண்ணை அவர்கள் முன்பே இளக்கி வைத்திருந்தார்கள். வயிற்றுக்குக் கீழே குளிர்ந்தது. முதுகில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது.