லாக்டேட் ஏறாத ரத்தம்

தசை எப்படிச் சர்க்கரையை எரித்து வேலை செய்கிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அடுத்த வாரம் தன்னார்வலர்கள் வரப்போகிறார்கள். அதற்குள் புது உடற்பயிற்சி சைக்கிளையும் ரத்தம் பார்க்கும் கருவியையும் ஓர் ஆள் மேல் சோதித்துவிட வேண்டும். கைக்கு அகப்பட்டவன் தம்பி.

வீட்டில் அவனுக்கு ஆமை என்று பெயர். முப்பத்தொரு வயது, அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. மாடிப்படியில் பாதியில் நின்று செருப்பு வாரைச் சரிசெய்வான். தெருவில் பத்துக் கடைக்கு ஒரு கடையில் நின்று, வாங்கவே போகாத சாமானின் விலையைப் படிப்பான். "இவனுக்கு உடம்பு வணங்காது" என்று அப்பா சொல்லாத நாளில்லை. அவளும் சொல்லியிருக்கிறாள்.

"கால் மணி நேரம்தான்டா. மிதிச்சிட்டுப் போயிடு."

"உக்காந்துக்கிட்டே செய்யற வேலைதானே? அப்ப சரி."

ஐந்தாவது நிமிடமே அவன் முகம் வெளிறிவிட்டது. "அக்கா, தொடை கல்லாயிடுச்சு. எறங்கிக்கிறேன்."

"அறுபது வயசுக்காரங்க மிதிக்கிற அளவுதான் இது. சாக்கு சொல்லாம மிதி."

இதயத்துடிப்பு நூற்று அறுபதைத் தாண்டியிருந்தது. விரலில் குத்தி ரத்தம் எடுத்தாள். தசை இவ்வளவு திணறும்போது, சர்க்கரை உடைந்து உண்டாகும் லாக்டேட் ரத்தத்தில் மளமளவென்று ஏற வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கிறவன் அளவுதான் இருந்தது. எட்டாவது நிமிடம் இன்னொரு கூத்து. மிதிக்கும் பளு அப்படியே இருக்க, துடிப்பு மட்டும் நூற்று முப்பதுக்கு இறங்கியது.

"இப்ப பரவால்ல," என்றான். "எனக்கு எப்பவும் இப்படித்தான். மொதல்ல உயிர் போகும், அப்புறம் எங்கிருந்தோ திரும்பி வரும்."

கருவியில்தான் கோளாறு என்று நினைத்தாள். அவளே ஏறி மிதித்துப் பார்த்தாள். அவள் ரத்தத்தில் லாக்டேட் நான்கு மடங்கு ஏறியது. இரண்டு நாள் கழித்து அவனைத் திரும்பக் கூப்பிட்டு, சக ஆராய்ச்சியாளரிடம் ரத்தம் எடுக்கச் சொன்னாள். அதே எண்கள். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே தாளை வெறித்தாள்.

ஆய்வகத் தலைவி மருத்துவரும்கூட. தாளை நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஓடினா இவருக்குச் சிறுநீர் கறுத்துப் போயிருக்கான்னு கேளு," என்றார்.

தம்பிக்குப் போன் போட்டுக் கேட்டாள். "ஸ்கூல்ல ஒரு தடவ. மைதானத்தச் சுத்தி ஓடவிட்டாங்க. காப்பி டிகாஷன் மாதிரி போச்சு."

"ஏன்டா வீட்ல சொல்லல?"

"சாக்குன்னு சொல்வீங்க."

தொடையிலிருந்து பருக்கையளவு தசை எடுத்துச் சாயம் ஏற்றினார்கள். சர்க்கரையை உடைக்கும் நொதி இருந்தால் நிறம் பிடிக்க வேண்டிய இடமெல்லாம் வெளுத்துக் கிடந்தது. மரபணுச் சோதனையும் அதையே சொன்னது. தலைவி அவனை உட்கார வைத்து விளக்கினார்.

"உங்க தசைக்குள்ள சர்க்கரை நெறைய சேமிச்சு இருக்கு. அத உடைச்சு எடுக்கிற நொதி பொறந்ததுலேர்ந்தே இல்ல. அத உடைச்சாதான் லாக்டேட் வரும். கொஞ்ச நேரம் போனா ரத்தம் வழியா வேற சர்க்கரையும் கொழுப்பும் வந்து சேருது. அப்பதான் உங்களுக்குத் தெம்பு வருது. விடாம ஓடியிருந்தா தசை சிதைஞ்சு ரத்தத்துல கலந்து சிறுநீரகத்தக் கெடுத்திருக்கும், அன்னிக்குக் கறுப்பா போனதும் அதுதான். இத்தன வருஷம் நின்னு நின்னு போனீங்களே, அதுலதான் உங்க சிறுநீரகம் தப்பிச்சது."

"அப்ப நான் சோம்பேறி இல்லையா, மேடம்?"

"அது இந்தப் பரிசோதனையில தெரியாது."

சிரித்தான். வெளியே வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "எனக்கே குழப்பமா இருக்குக்கா. ஓட முடியல, அதுக்குக் காரணம் இருக்கு. காலையில பத்து மணி வரைக்கும் படுத்துக் கெடந்தேனே, அது எதுல சேர்த்தி?"

அவள் மன்னிப்புக் கேட்கலாமா என்று நினைத்தாள். எதற்கென்று கேட்பது? எங்கிருந்து தொடங்குவது?

ஒரு மாதமாக அவன் மருத்துவர் சொன்னபடி, இனிப்பாக எதையாவது குடித்துவிட்டு, பத்து நிமிடம் மெதுவாக நடந்து, அப்புறம் வேகம் பிடிக்கிறான். வேலைக்கு இன்னமும் தாமதமாகத்தான் போகிறான். திட்டலாமா கூடாதா என்று தெரியாமல் அப்பா வாயைத் திறந்து திறந்து மூடுகிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அறிக்கையை வாங்கி இரண்டு முறை படித்தார்.

"இது யார் பக்கத்துலேர்ந்து வந்துச்சு?"

"ரெண்டு பேர் பக்கமும்தான்ப்பா. உங்ககிட்டேர்ந்து ஒரு பழுதான ஜீன், அம்மாகிட்டேர்ந்து ஒண்ணு. ரெண்டும் சேர்ந்தாதான் நோய்," என்றாள் அவள்.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள்.

"அப்ப உனக்கு ஏன்டி வரல?"

இரண்டும் ஒரே பிள்ளைக்கு வந்து சேர நாலில் ஒரு வாய்ப்பு என்கிற கணக்கு அவளுக்கு மனப்பாடம். மாணவர்களுக்குக் கட்டம் போட்டு நடத்தியிருக்கிறாள். இப்போது அது வாயில் வரவில்லை.

"தெரியலம்மா," என்றாள்.