இருபது விநாடி

வெள்ளவத்தையில் நான் நடத்தும் தமிழ் வகுப்பைப் பற்றி நிரோஜன் தன் யூடியூப் சனலுக்குப் பேட்டி எடுத்தான். "தமிழ் படிச்சு என்ன பிரயோசனம் எண்டு கேக்கிற தாய் தேப்பனுக்கு வெக்கமில்லை" என்று சொன்னேன். அவன் வெளியிட்ட இருபது விநாடித் துண்டில் நான் பேசியதாக "தமிழ் படிச்சு என்ன பிரயோசனம்" மட்டுமே இருந்தது. மேலே 'துரோகி ரீச்சர்' என்று தலைப்பு. மூன்று இலட்சம் பேர் பார்த்தார்கள். வகுப்பில் நாற்பது பிள்ளைகள் ஒன்பதானார்கள்.

அழிக்கச் சொன்னேன்.

"அது கருத்துச் சுதந்திரம், ரீச்சர்" என்றான்.

வகுப்புக்கு வராத பிள்ளைகளுக்கு அனுப்புவதற்காக என் போன் எப்போதும் மேசையில் பதிவு செய்தபடி கிடக்கும். பேட்டியன்றும் கிடந்தது. நான் பேசியதை முழுதாகப் போட்டேன். பதினொரு பேர் பார்த்தார்கள்.

கமராவை மடக்கும்போது அவன் கதைத்ததும் அதில் இருந்தது. "வெளிநாட்டுச் சனமெல்லாம் விசருகள் எண்டு சில பேர் சொல்லுவினம். எனக்குச் சோறு போடுறதே அவையள்தான்."

முதல் மூன்று சொல்லை மட்டும் வெட்டியெடுத்து வெளியிட்டேன். தங்களைப் பைத்தியங்கள் என்றவனா என்று, இரண்டே நாளில் லண்டனும் டொரண்டோவும் அவனைக் கிழித்துத் தொங்கவிட்டன.

மூன்றாம் நாள் என் பிளட்டுக்குப் படியேறி வந்தான்.

"ரீச்சர், நான் என்ன சொன்னனான் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. மிச்சத்தையும் போடுங்கோ."

"ஓம், தெரியும்."

போனை எடுத்து, அவன் கண்முன்னே மிச்சத்தை அழித்தேன்.

"முழுசாப் போட்டாப் பதினொரு பேர்தான் பாப்பினம், தம்பி."