வேலிக்குப் பின்னால் சொன்ன கணக்கு

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாரும் சுகமாக இருக்கிறீர்களா? பிள்ளைகளுக்குக் காய்ச்சல், சளி ஒன்றுமில்லையே? இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். இது அவசரமான கதையில்லை. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில், குறிஞ்சிப்பிட்டியில் நடந்தது.

கமறியா திரைக்குப் பின்னால் இருந்தாள். திரைக்கு வெளியே அவள் புருசனின் அண்ணன் மக்பூல் காக்கா நின்றான்.

"நாளைக்குக் கச்சேரியிலிருந்து துரை வாறாரு. புயல்ல அழிஞ்ச தோட்டத்துக்கெல்லாம் அரசாங்கம் காசு குடுக்குதாம். பயிர் செஞ்ச ஆள் தோட்டத்துல நிக்கோணுமாம்."

"நான் நிக்கிறன் காக்கா."

"நல்ல கதை!" என்றாள் மாமி றஹ்மத் உம்மா. "இத்தா இருக்கிற பொம்பள துரைக்கு முன்னால நிக்கிறதா?"

புயலன்று கடலோரக் களப்பின் உப்புத் தண்ணீர் புகையிலைத் தோட்டத்துக்குள் ஏறியது. கமறியாவின் புருசன் ரஸாக் இடுப்பளவு தண்ணீரில் நின்று வரம்பு கட்டினான். காய்ச்சல் வந்து எட்டாம் நாள் மௌத்தானான். அன்றிலிருந்து நாலு மாசமும் பத்து நாளும் இத்தா; அவளுக்கு அந்த அறைதான். இரண்டரை மாசம் போயிருந்தது. அவளும் புருசனும் தண்ணீர் ஊற்றிப் பயிர் செய்த குத்தகைக் காணி அது. மழைக்கு முன் கன்று வாங்கி நடாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும்.

"லெவ்வையிட்டக் கேட்டுப் பாருங்க மாமி."

கேட்டார்கள். தேவை என்றால் பகலில் போய் வரலாம், மார்க்கத்தில் தடையில்லை என்று பள்ளிவாசல் லெவ்வை சொல்லிவிட்டார்.

"மார்க்கத்த லெவ்வை பாப்பாரு," என்றாள் மாமி. "தெருவுட வாய ஆரு மூடுற?"

"நான் நிக்கிறன்," என்றான் மக்பூல். "காசு வந்த உடன உன்ட கையில தாறன். அல்லாஹ் மேல ஆணை."

கமறியா சரி என்றாள். மாட்டேன் என்று சொல்வதற்குக்கூடச் சத்து இல்லை.

மறுநாள் துரை வந்தார், கூடவே ஒரு கிளாக்கரும். வீட்டையும் தோட்டத்தையும் ஒரு தென்னோலைக் கிடுகு வேலிதான் பிரித்தது. மாமியின் காவலில் வேலிவரை வந்திருந்த கமறியா, அதன் ஓட்டையில் கண்ணை வைத்திருந்தாள். செத்த புகையிலைத் தண்டுகள் உப்புப் பூத்து வரிசையாக நின்றன.

"எத்தனை கன்று?" என்றார் கிளாக்கர்.

மக்பூல் தலையைச் சொறிந்தான். அவன் உப்பு வியாபாரி. அந்தத் தோட்டத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியதில்லை. மெல்ல வேலிப்பக்கம் நகர்ந்து இருமினான்.

"ஆயிரத்து முந்நூறு," என்றாள் கமறியா, தாழ்ந்த குரலில்.

"ஆயிரத்து முந்நூறு ஐயா."

"எத்தனை மாதப் பயிர்?"

"ரெண்டு."

"ரெண்டு மாசம் ஐயா."

"பயிர் செய்தவர் பெயர்?"

கமறியா வாயைத் திறந்தாள். மாமியின் உள்ளங்கை வந்து அதை மூடியது.

"மக்பூல்," என்றான் மக்பூல். கிளாக்கர் எழுதிக்கொண்டார்.

இத்தா முடிந்த நாள் வீட்டில் கத்தம் ஓதி ஊருக்குச் சோறு கொடுத்தார்கள். இரண்டு ஆடு, நெய்ச்சோறு. சஹன் தட்டைச் சுற்றி இருந்தவர்கள் விரலைச் சூப்பிக்கொண்டே மெச்சினார்கள்.

"நாலு மாசம் பத்து நாள், நெழல்கூட வெளிய உழல்ல. பொம்பள எண்டா இவதான்."

கமறியா திரைக்கு வெளியே வந்தாள். கைகழுவ எழுந்த மக்பூலிடம் கேட்டாள்.

"காக்கா, கச்சேரிக் காசு?"

"இந்தச் சோறு எங்கருந்து வந்திச்சு எண்டு நினைச்ச?" அவனுக்கு உண்மையிலேயே ஆச்சரியம். "உன்ட இத்தாவுக்குத்தானே புள்ள செலவழிச்ச. ஊரே உன்னத்தான் மெச்சுது."

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. மூலையில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்தாள். விருந்தாளிகள் பார்க்கப் பார்க்க நடுமுற்றத்தால் நடந்து வேலிப் படலையைத் திறந்தாள்.

"எங்கடி போற?" என்று கத்தினாள் மாமி.

"இத்தா முடிஞ்சிட்டுத்தானே மாமி."

நட ஒரு கன்றும் இல்லை. ஆயிரத்து முந்நூறு தண்டுகளையும் ஒவ்வொன்றாகத் தோண்டிப் போடத் தொடங்கினாள். சாப்பிட்டவர்கள் வேலியோரம் நின்று பார்த்தார்கள். அந்த மாசமே காணி வேறு ஆளுக்குப் போனது.

கச்சேரிப் புத்தகத்தில் இன்னும் மக்பூலின் பெயர்தான் இருக்கும். உங்கள் வீட்டுப் பெண்கள் தண்ணீர் ஊற்றிய தோட்டம் யார் பெயரில் எழுதப்பட்டது? விசாரித்துப் பாருங்கள். தெரிந்ததை ஒரு கடதாசியில் எழுதி எனக்கு அனுப்புங்கள். அவர்களின் பெயரையும் மறக்காமல் எழுதுங்கள்.