பேய் குடியேறிய வீடு

ஹாஸ்டலைக் காலி செய்ய இன்னும் பத்தொன்பது மணி நேரம் இருந்தது. அதற்குள் வீடு கிடைக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடு என்று சந்திரலேகாவின் அப்பா சொல்லிவிட்டார். கம்பெனியில் ஒரே லைனில் அவள் பக்கத்தில் நின்று வேலை பார்க்கும் தேவிப்பிரியா, அவளைப் பென்னலூரில் தன் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டாள். பின்தெருவில் அவர்களுக்கு இன்னொரு வீடு பூட்டிக் கிடந்தது.

அந்த வாசலைப் பிள்ளைகள் ஓடித்தான் கடப்பார்கள். தண்ணீர் கேன் போடுகிறவர்கூட எதிர்ப்பக்கமாகவே போவார். அதைப் பற்றித் தேவிப்பிரியாவின் அம்மா ராஜலட்சுமி மூச்சு விடவில்லை.

"ராசியான வூடு கண்ணு. போர் தண்ணி கல்கண்டு மாதிரி கீது." சாவியை நீட்டியபடியே கேட்டாள். "உனுக்கு எந்த ஊரு?"

"திருநெல்வேலி பக்கம், ஆன்ட்டி."

"ஊர்ல எந்தத் தெரு?"

தேவிப்பிரியா காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"தெரு இல்ல ஆன்ட்டி, காலனி." சந்திரலேகாவின் குரலில் தயக்கம் இல்லை.

நீட்டிய சாவி ராஜலட்சுமியின் இடுப்புக்குத் திரும்பிப் போனது.

"உன்கிட்ட மறைக்கக் கூடாது பாரு... முன்ன குடியிருந்த ஒரு பொண்ணு அங்க தூக்கு மாட்டிக்கிச்சு. ராவானா கொலுசு சத்தம் கேக்குது. வயசுப் பொண்ணு நீ, பயந்துக்கினா இன்னா பண்றது?"

"எனக்கு அந்தப் பயமெல்லாம் கெடையாது ஆன்ட்டி. நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்தா பேச்சுத் துணைக்கு ஒரு ஆளாச்சு."

"சிரிக்கிற விசயமா இது? போன வருசம் வூடு கேட்டு வந்த வேல்ராஜு, இதைக் கேட்ட ஒடனே ஓடிட்டான்."

வேல்ராஜ் ஓடவில்லை. சாவியை மூடிய ராஜலட்சுமியின் கையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "சரிங்கம்மா" என்று நடந்தான். அன்று தேவிப்பிரியா அடுப்படிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள். ஒரே வாரத்தில் கொலுசுச் சத்தம் தெருவில் எல்லோருக்கும் கேட்க ஆரம்பித்தது.

சந்திரலேகா திரும்பினாள். "நெசமாவா பிரியா? நீ சொல்லு, நம்புதேன்."

"சொல்லுடி," என்றாள் ராஜலட்சுமி, மகளை முறைத்தபடி.

சூப்பர்வைசர் பெயர் கேட்டால்கூட இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கும், அவ்வளவு சின்னக் குரல் தேவிப்பிரியாவுக்கு. இப்போது ஒரே முறை சொன்னாள். தெரு வரைக்கும் கேட்டது.

"அந்த வூட்ல யாரும் சாவல லேகா. வேல்ராஜ் காலனின்னு சொன்ன அன்னிக்கு, எங்கம்மாதான் அந்தப் பொண்ணைத் தூக்குல மாட்டுனாங்க. இன்னிக்கு உனக்காக மறுபடியும் மாட்றாங்க."