நேத்திப் பேட்டின் குளிர்காலங்கள்

நாற்பத்தோராம் ஆண்டு மார்கழியில், கற்பிட்டிக் கரையில், அல்பொன்சாவின் வளவுக்குள் மட்டும் குளிர்காலம் வந்தது. கிடுகு வேலிக்கு வெளியே எப்போதும் போல் வெயிலும் உப்புக்காற்றும் இருந்தன. வேலிக்கு உள்ளே மணல் வெளுத்து இறுகிக் கிடந்தது. கோழிகளுக்குச் சிரட்டையில் வைத்த தண்ணீர் கண்ணாடி போல் உறைந்திருந்தது. முருங்கை மரம் ஓர் இரவில் இலை முழுவதையும் கொட்டிவிட்டு நின்றது. பக்கத்து வளவு றஹ்மத் உம்மா வேலிக்கு மேலால் கையை நீட்டிப் பார்த்து, முழங்கை வரை குளிர்கிறது, அதற்கு இங்கால் இல்லை என்று சொன்னாள். பின்னேரத்துக்குள் ஊரில் பாதிப்பேர் வந்து கையை நீட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மறுநாள் கரைவலையில் நிறைய மீன் பட்டதால் யாரும் வரவில்லை.

இது எங்கிருந்து வந்த குளிர் என்பது அல்பொன்சாவுக்குத் தெரியும். இருட்டில் பக்கத்தில் வந்து படுப்பவர் யாரென்று தெரிவதைப் போலத் தெரியும். அவளுடைய கணவன் பஸ்தியான் அந்த ஆண்டு ஆனியில் தன் தம்பி நிக்கொலஸுடன் கொழும்புக்குக் கருவாடு ஏற்றிப் போனவன், யுத்தச் சாமான் கொண்டுபோகும் கப்பலொன்றில் வேலைக்கு ஏறிவிட்டான். வெறுங்கூடைகளோடு தனியாகத் திரும்பிய நிக்கொலஸ் படலையில் நின்றபடியே அதைச் சொன்னான். அண்ணன் வேறு ஏதும் சொல்லிவிட்டாரா என்று அவள் கேட்கவில்லை. சொல்லியிருந்தால் அவன் படலையைத் தாண்டி உள்ளே வந்திருப்பான்.

அடுத்த மாதம் தலவில் ஊர் அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்கு அவள் ஒரு சிவப்புப் பேட்டுக்கோழியோடு போனாள். நேத்தி வைக்கிறவர்கள் கோழியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சுரூபத்தின் முன்னால் முழந்தாளில் நின்று, வேண்டியதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது அந்தக் கரையின் வழக்கம். மனதுக்குள் கேட்டது கணக்கில் வராது. பிறகு கோழியை வீட்டுக்குக் கொண்டுவந்து, சின்ன விரல் நகத்தை வெட்டி அடையாளம் வைத்து, வேண்டியது கிடைக்கும்வரை வளர்க்க வேண்டும். இடையில் கோழி செத்தால் வேண்டுதலும் அதோடு செத்துவிடும். என்னிடம் அவரைக் கொண்டுவந்து சேர் என்று கேட்கத்தான் அல்பொன்சா வழியெல்லாம் சொற்களைச் சேர்த்துக்கொண்டு போனாள். ஆனால் பின்னால் வரிசையில் பஸ்தியானின் அக்காமார் நின்றார்கள். சொல்லாமல் போன புருஷனைத் திருப்பிக் கேட்கும் பெண்ணின் குரல் எப்படி இருக்கும் என்று அவளுக்கே கேட்டுவிட்டது. "அவருக்கு உயிர்ச்சேதம் வரக்கூடாது தாயே" என்று மட்டும் சொல்லி எழுந்தாள். மீதி வாயிலேயே நின்றுவிட்டது.

கோழிகளைக் குளிரில் வளர்ப்பது எப்படி என்று சொல்லித்தர அந்தக் கரையில் ஒருவரும் இல்லை. முதல் மாரியில் அவள் கூட்டை ஓட்டை இல்லாமல் சாக்கால் மூடி, உள்ளே சிரட்டைத் தணல் வைத்தாள். காலையில் இரண்டு பேடுகள் ஈரச் சிறகோடு செத்துக் கிடந்தன. அவற்றைக் கொன்றது குளிரல்ல, மூடிய கூட்டுக்குள் தேங்கிய அவற்றின் மூச்சும் புகையும்தான் என்று அவளுக்குப் பிறகே விளங்கியது. கூரையோரமாக ஓர் இடைவெளி விட்டாள். தரையில் காய்ந்த தேங்காய்த் தும்பை முழங்கால் ஆழத்துக்குப் போட்டாள். கொண்டை நுனிகள் கறுக்கத் தொடங்கியபோது தேங்காயெண்ணெய் உறைந்து நின்றதால் சுறா எண்ணெயைப் பூசினாள். நெத்தலித் தலையை இடித்துக் குரக்கன் மாவோடு பிசைந்து சுடச்சுட வைத்தாள். பேடுகள் முட்டையிடுவதை நிறுத்தின. சிவப்புப் பேட்டை மட்டும் ராவில் தன் போர்வைக்குள் எடுத்துக்கொண்டாள். அது அவளுடைய வயிற்றில் காலை மடக்கிப் படுத்து, அடிக்கடி ஒரு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது.

யுத்தம் முடியும்வரை ஒவ்வொரு மாரியிலும் குளிர் வந்தது. அது தொடர்ந்து இருக்கவில்லை. சில நாள் எலும்பு வரை ஏறும். பிறகு திடீரென்று மணல் இளகி, நாலைந்து நாள் புழுக்கமாக இருக்கும். கப்பல் சூடான துறைமுகம் ஒன்றில் நிற்கிறது என்று அவள் எடுத்துக்கொள்வாள். திரும்பவும் குளிரும். சில வேளைகளில் காற்றில் கரிப்புகை மணத்தது. சுவாமியார் ஒருமுறை வந்து தீர்த்தம் தெளித்தார். துளிகள் மணிமணியாக உறைந்து விழுந்து உருண்டன. பூசைக்கு நேரமாகிறது என்று அவர் போய்விட்டார்.

அந்தக் குளிரோடு அல்பொன்சா கதைக்கத் தொடங்கியிருந்தாள். கலியாணமாகி இரண்டு வருடம் பஸ்தியான் வீட்டிலிருந்த காலத்தில் அவனோடு அவள் இவ்வளவு கதைத்ததில்லை. அவன் வீட்டில் இருப்பான். கதிரையில் அவன் நிழல் இருக்கும். அவன் எங்கோ இருப்பான். இப்போது அவன் பட்ட குளிர் அவளுடைய விரல்களில் நின்றது. அவனுடைய மூச்சைப் போல அவளுடைய மூச்சும் வெள்ளையாகப் போனது. வளவு சூடான நாட்களில்தான் அவள் தன்னை விடப்பட்டவளாக உணர்ந்தாள். அதை யாரிடமும் சொல்ல வழியில்லை. சூடு வந்ததற்காக அழுகிறவளை அந்த ஊரில் யாரும் கண்டதில்லை.

யுத்தம் முடிந்தபின், இடையில் தானும் வேறொரு கப்பலில் ஏறிப் போயிருந்த நிக்கொலஸ் திரும்பி வந்தான். பஸ்தியான் வரவில்லை. அந்த மார்கழியிலும் குளிர் வந்தது. அடுத்த மார்கழியில் வரவில்லை. முருங்கை பூத்தது. தையும் மாசியும் வெயிலாகவே போயின. குளிர் நின்றால் அவனும் இல்லை என்று எண்ணி, பஸ்தியானின் அக்காமார் ஆத்துமப் பூசைக்கு ஒழுங்கு செய்யலாமா என்று கேட்டு வந்தார்கள். நேத்தி முறிந்துவிட்டது, இனி அந்தப் பேட்டைச் சட்டியில் போட்டாலும் பாவமில்லை என்று மூத்தவள் ஆறுதலாகவே சொன்னாள். அல்பொன்சா பூசைக்கும் ஓம் சொல்லவில்லை, கறுப்பும் உடுக்கவில்லை. கிழண்டுபோன சிவப்புப் பேட்டுக்கு அந்த வெக்கையிலும் கொண்டையில் சுறா எண்ணெய் பூசினாள்.

நாற்பத்தேழாம் ஆண்டு ஆனிக் கடைசியில், கச்சான் காற்று வேலியைப் பிய்த்துக்கொண்டிருந்த ஒரு காலையில், வளவுக்குள் வெள்ளை விழுந்திருந்தது. இந்தத் தடவை குளிர் விட்டு விட்டு வரவில்லை. கரிப்புகையும் இல்லை. ஆடி பிறந்தும் அது நின்ற இடத்தில் நின்றது, வீடு கட்டிக் குடியேறியவரைப் போல. அல்பொன்சா நிக்கொலஸைக் கூப்பிட்டு அனுப்பினாள். அவன் படலையில் நின்று, உள்ளே கையை நீட்டி, கனநேரம் வைத்திருந்தான்.

"உலகத்துக்குக் கீழ்ப்பக்கம் நாடுகள் இருக்கு மச்சாள். எங்களுக்கு ஆடி வெயில் எண்டா அவங்களுக்கு ஆடிப் பனி. கப்பல் ஆக்கள் கொஞ்சப்பேர் அங்க இறங்கிட்டாங்க."

"இறங்கினவங்க?"

"இருக்காங்க மச்சாள்." அவன் கையை எடுத்துச் சாரத்தில் துடைத்தான். "நல்லா இருக்காங்க."

அவள் அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். கேட்டது கிடைத்துவிட்டது. கேட்டது மட்டுமே கிடைத்திருந்தது. அன்று முழுவதும் அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முயன்று, முடியாமல், கூட்டுக்குத் தும்பு மாற்றினாள்.

திருவிழாவுக்கு அவள் சிவப்புப் பேட்டைத் தூக்கிக்கொண்டு தலவிலுக்கு நடந்தாள். கோழியின் சிறகிலிருந்த பனி கோயில் வாசல் வரைக்கும் உருகவில்லை. பின்னால் அக்காமார் நின்றார்கள். இந்தமுறை எதைக் கேட்டாலும் குரல் நடுங்காது என்று அவளுக்குத் தெரிந்தது. "தந்திட்டாய் தாயே, வாங்கிக்கொள்" என்று சொல்லிக் கோழியைக் கொடுத்தாள். வெறுங்கையோடு எழுந்தபோது, அது படுத்த இடத்தில் சட்டை இன்னும் சூடாக இருந்தது.

அந்த வருடம் நோன்பும் ஆடியில்தான் வந்தது. அஸறுத் தொழுகைக்குப் பிறகு றஹ்மத் உம்மா கசகசா போட்ட சர்பத் குடத்தை வேலிக்கு மேலால் தருவாள். அல்பொன்சா அதை வாங்கி உறைந்த மணலில் வைப்பாள். நாலு நாளில் அந்த ஒழுங்கையிலிருந்த வீடுகளெல்லாம் தங்கள் குடங்களை அனுப்பத் தொடங்கிவிட்டன. ஒரு பின்னேரம் றஹ்மத் உம்மா வேலியில் சாய்ந்துகொண்டு, நெடுநாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டாள்.

"ஏன் புள்ள, இன்னொரு பேட்டக் கொண்டுபோய், ஊட்டுக்கு வரட்டும்ண்டு கேட்டா என்ன?"

அல்பொன்சா ஒரு குஞ்சின் கொண்டையில் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தாள். விரல் நிற்கவில்லை.

"கேட்டா வந்திடுவார், உம்மா."

றஹ்மத் உம்மா வேலியிலிருந்து நிமிர்ந்தாள். பிறகு, பாங்கு சொல்ல நேரமாகிவிட்டது, குடத்தை எடு, சர்பத் உறையப் போகிறது என்றாள்.

அதன்பின் ஒவ்வோர் ஆடியிலும் அல்பொன்சாவின் வளவில் குளிர்காலம் வந்தது. அவள் ஆனியிலேயே தும்பு காயவைத்து, சுறா எண்ணெய் வாங்கி வைத்துவிடுவாள்.