எர்மிந்தாவின் இடம்

தன் வீட்டு அடுப்படியில் தன் கெண்டியைக் காணாமல் எர்மிந்தா மூன்றாம் முறையாகச் சுற்றி வந்தாள். அடுப்பின் நான்கு வாயிலும் யார் வீட்டுப் பானைகளோ ஏறியிருந்தன. பானைகளுக்கு முன்னால் நின்ற மூன்று ஹைட்டிப் பெண்களும் அவளைக் கண்டதும் மரியாதையாக ஒதுங்கினார்கள். ஒதுங்கினார்களே தவிர, அடுப்பை விடவில்லை.

"என் கெண்டி எங்கம்மா?"

"கூடத்துல இருக்கு மேடம். பாதிரியாருக்கு டீ," என்றாள் பெரிய பானையைக் கிளறிக்கொண்டிருந்தவள். "நீங்க போய் உக்காருங்க. இன்னிக்கு நீங்க வேலை செய்யக் கூடாது."

நாற்பத்து மூன்று வருடம் இந்த அடுப்பில் வெந்தபோது யாரும் அவளிடம் இப்படிச் சொன்னதில்லை. புருஷன் கூடத்தில் பெட்டிக்குள் கிடக்கும்போது, ஒரு வாய் டீ போட்டுக் குடிக்கலாம் என்று எழுந்து வந்த இன்றைக்குத்தான் வேலை செய்யக் கூடாதாம். உட்காரலாம் என்று கூடத்துக்குப் போனால் நாற்காலி எதுவும் காலியில்லை. அவளுடைய ஆறு நாற்காலி, பக்கத்து வீட்டு நாலு நாற்காலி, சர்ச்சிலிருந்து வந்த பெஞ்சு எல்லாவற்றிலும் ஆட்கள். பாதிப் பேரின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. அவர்களுக்கு நடுவில் ரெமிஹியோ நீல டை கட்டிக்கொண்டு படுத்திருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு காலை பத்து மணிக்கு அவர் வீட்டில் இருப்பது இதுதான் முதல் தடவை.

முப்பது வருடம் மெம்பிரியார் ஊரிலிருந்து தோட்டங்களுக்குப் போகும் பஸ்ஸை ஓட்டியவர் அவர். ஓய்வு பெற்ற மாதமே குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவராக்கிவிட்டார்கள். இனி தெருவிளக்கு, சாக்கடை என்று நாலு மனு எழுதிக்கொண்டு கிடப்பார் என்று எர்மிந்தா நிம்மதியாக இருந்தாள். அந்த வருடம்தான் ஆப்பிள் கொட்டகைகளில் வேலைக்கு ஹைட்டிக்காரர்கள் வந்து இறங்கினார்கள். ரயில் பாதைக்குப் பின்னால் தகரக் குடிசை போட்டவர்களுக்குக் குடிதண்ணீர்க் குழாய் வேண்டும் என்று ஆரம்பித்தார். அப்புறம் அரசாங்க அடையாள எண் வராத பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும், ஆஸ்பத்திரியில் அவர்கள் பேச்சு தெரிந்த ஒருத்தரை வைக்க வேண்டும், வாடகைக்கு வீடு இல்லை என்று சொல்லும் ஆட்களிடம் போய் ஏன் இல்லை என்று கேட்க வேண்டும். சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக யாராவது ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பார்கள். எர்மிந்தா இன்னொரு தட்டு எடுத்து வைப்பாள். வைக்கும்போது தட்டு கொஞ்சம் சத்தம் போடும்.

அவர் செத்ததுகூட ஆஸ்பத்திரி வரிசையில்தான். முந்தாநாள் காலை ஒரு கர்ப்பிணிப் பெண்ணைப் பதிவு செய்ய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். தூங்குகிறார் என்று நினைத்து, பெரியவரை எழுப்பக் கூடாதென்று அந்தப் பெண் இருபது நிமிடம் பேசாமல் இருந்திருக்கிறாள். எண்ணைக் கூப்பிட்ட பிறகுதான் தெரிந்தது. அவருடைய மருத்துவச் சீட்டைத் தேடினால் மூன்று வருடமாக அதில் ஒரு வரியும் எழுதவில்லை. "வாரத்துக்கு ரெண்டு தடவை வருவாரேம்மா," என்று நர்ஸ் அழுதாள். "ஆனா அவருக்குன்னு ஒரு தடவையும் வரல."

எர்மிந்தா சுவரோரமாகச் சாய்ந்து நின்றபோது ரோசமெல் வாசலில் தலையைக் காட்டினான். கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவன். தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்திருந்தான்.

"அம்மா, கொஞ்சம் வெளிய வர்றீங்களா?"

முற்றத்தில் சீமைமாதுளை மரத்துக்குக் கீழே போய் நின்றார்கள். ரோசமெல் தொப்பியை ஒரு சுற்று சுற்றினான்.

"மாடத்தைத் திறந்து கழுவிட்டேன்மா. மூணு மணிக்கு ஐயாவுக்கு எல்லாம் தயாரா இருக்கும்."

"சரி."

"உங்களோடதுலதான்…"

"என்னோடதுல என்ன? நான் இன்னும் சாகலையே."

"உங்களோடதுல ஆள் இருக்கு."

கல்லறைச் சுவரில் இரண்டாம் வரிசையில் பக்கத்துப் பக்கத்தில், பெட்டியை உள்ளே தள்ளி அடைக்கிற இரண்டு மாடங்கள். ஓய்வு பெற்றபோது ஓட்டுநர் சங்கத்தின் வழியாக ரெமிஹியோ வாங்கிப் போட்டது. வாங்கிய அன்று அவளைக் கூட்டிப்போய்க் காட்டினார். இடது பக்கம் நான், வலது பக்கம் நீ, கட்டிலில் படுக்கிற மாதிரியே என்றார். அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் போகவில்லை. காலி ஓட்டையைப் பார்க்க யார் போவார்கள். கல்லறைத் திருநாளுக்குத் துடைத்துவிட்டு வருகிறேன் என்று அவர் மட்டும் போய்வருவார்.

"யாரு?" என்றாள்.

"தியூசெல்னு ஒரு ஹைட்டிக்காரர். ரெண்டு வருஷம் ஆச்சு. குளிர்காலத்துல நிமோனியா வந்து போனவர். அடையாள எண் இல்லாதவங்களுக்கு ஊர்க் கல்லறையில இடம் கிடையாதுன்னு நகராட்சியில கைய விரிச்சுட்டாங்க. சவக்கிடங்குல இருபத்து மூணு நாள் கிடந்தாரு. ஐயா நடையா நடந்து பாத்தாரு. கடைசியில ஒரு நாள் விடிஞ்சதும் வந்து, என் வீட்டுக்காரி இடத்தைத் திறன்னுட்டாரு."

"என்னோடதை."

"ஆமாம்மா."

"அவரோடதும் காலியாத்தானே கிடந்துச்சு?"

"நானும் அதான் கேட்டேன்." ரோசமெல் தொப்பியை இன்னொரு சுற்று சுற்றினான். "எனக்கு நெஞ்சு சரியில்ல, எனக்குச் சீக்கிரமே வேண்டியிருக்கும், அவ கெட்டியான உடம்பு, இன்னும் இருபது வருஷம் இருப்பா, அதுக்குள்ள நகராட்சி விதிய மாத்திடலாம்னாரு. உங்ககிட்ட கேட்டாச்சுன்னும் சொன்னாரு."

எர்மிந்தா அவன் தொப்பியைப் பிடித்து நிறுத்தினாள்.

"நெஞ்சு சரியில்லைன்னு உங்கிட்ட சொன்னாரா?"

"ஆமா." ரோசமெல் நிமிர்ந்து பார்த்தான். "உங்களுக்குத் தெரியாதாம்மா?"

கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்த மரிசோல் இறங்கி வந்தாள். ஒரே மகள். நேற்றுத்தான் தலைநகரத்திலிருந்து பஸ் ஏறி வந்தவள்.

"அந்தாளை வெளிய எடுக்கச் சொல்லும்மா. பத்திரம் நம்ம பேர்லதானே இருக்கு?"

"எழுதிக் குடுத்தா எடுக்கலாம்," என்றான் ரோசமெல் தயங்கித் தயங்கி. "எடுத்தா பின்னாடி பொதுக்குழிதான்."

"அது அவங்க பாடு. என் பட்டமளிப்புக்கு அப்பா வரல, யாருக்கோ விசா நாள்னு. நான் ஊருக்கு வந்தா இந்த வீட்டுல எனக்குப் படுக்க இடம் இருக்காது, எவனாவது என் கட்டில்ல தூங்கிட்டிருப்பான். இப்ப கல்லறையுமா? நீ எங்கம்மா படுப்பே?"

"இப்போதைக்கு உக்கார ஒரு இடம் கிடைச்சா போதும்," என்றாள் எர்மிந்தா.

அவள் நேராக அடுப்படிக்குப் போனாள். "இங்க தியூசெல் வீட்டுக்காரி யாரு?"

பெரிய பானையைக் கிளறிக்கொண்டிருந்தவள் திரும்பினாள். மிர்லாந்த் என்று பெயர். எர்மிந்தாவுக்கு முகம் தெரிந்தவள்தான். இரண்டு வருடமாக ஜனவரி முதல் தேதி காலையில், இந்த நாட்டுக்கு நடுக்கோடையில், ஆவி பறக்கப் பறக்க ஒரு வாளி பூசணி சூப் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பவள். "எதுக்கு இவ இப்படி வந்து நிக்கிறா?" என்று கேட்டால், "அவங்க ஊர்ல புது வருஷத்துக்கு அதான் வழக்கம்" என்பார் ரெமிஹியோ. சூப்பை எர்மிந்தா பாதி குடித்து, மீதியை நாய்க்கு ஊற்றியிருக்கிறாள்.

"அந்த இடம்," என்று ஆரம்பித்தாள் எர்மிந்தா. 

"தெரியும் மேடம். ஒரு நாளைக்கு நீங்க கேப்பீங்கன்னு தெரியும்." மிர்லாந்த் நிதானமாகப் பேசினாள். "என் வீட்டுக்காரர் ஐஸ்ல கிடந்தப்ப ஐயா தினம் வருவாரு. ஒரு நாள் வந்து, என் பொண்டாட்டி அவ இடத்தைக் குடுத்துட்டா, எழுந்திரும்மான்னாரு. நான் நம்பல. நிஜமாத்தான், இருபத்து மூணு நாளாச்சே, நீங்கள்லாம் மனுஷங்களான்னு என்னை விளாசிட்டான்னாரு. மேசையைத் தட்டினீங்களாம்."

"நான் மேசையைத் தட்டினேனா?"

"தட்டின வேகத்துல உப்பு டப்பா கீழ விழுந்துடுச்சாம்."

எர்மிந்தா மேசையைப் பார்த்தாள். அதில் யாரோ வெங்காயம் நறுக்கிப் போட்டிருந்தார்கள். அவரிடம் அவள் அப்படி எதுவும் சொன்னதில்லை. சொல்ல அவர் விட்டால்தானே. கேட்டிருந்தால் முதல் நாள் கத்தியிருப்பாள், இரண்டாம் நாள் பேசாமல் இருந்திருப்பாள், மூன்றாம் நாள் மேசையைத் தட்டியிருப்பாள். அந்த மூன்று நாளுக்குக்கூட அவருக்குப் பொறுமையில்லை.

"நீங்க சொன்னா எடுத்துடறேன்," என்றாள் மிர்லாந்த். "இன்னிக்கே. பொதுக்குழி எங்க இருக்குன்னு பாத்து வச்சிருக்கேன்." குரல் மாறவில்லை. கரண்டி மட்டும் நின்றுவிட்டது.

"கிளறு," என்றாள் எர்மிந்தா. "அடி பிடிக்குது."

மூன்று மணிக்கு ஊர்வலம் போனது. ஹைட்டிக்காரர்கள் வழி நெடுகப் பாடிக்கொண்டு வந்தார்கள். நீளமான பாட்டு, முடிந்தது என்று நினைக்கும்போதெல்லாம் இன்னொருத்தர் எடுத்தார். ரொட்டிக் கடைக்காரி வாசலில் நின்று, "ஊர்ல இத்தனை பேரா இருக்காங்க?" என்றாள். இத்தனை வருடமாக அவள் கடையில் ரொட்டி வாங்கியவர்கள்தான். எர்மிந்தாவுக்கு முழங்கால் வலித்தது. காலையிலிருந்து டீ குடிக்கவில்லை.

கல்லறைச் சுவருக்கு முன்னால் மேயர் ஏற்கெனவே வந்து நின்றிருந்தார். கூடவே ஒரு செயலாளர், ஒரு புகைப்படக்காரர், வண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு மலர் வளையம். வளையத்தின் குறுக்கே மேயர் பெயர் போட்ட ரிப்பன். அவர் பேசினார். "வந்தவர்களுக்கெல்லாம் இந்த ஊரின் கதவைத் திறந்து வைத்த பெருமனிதர்" என்றார். அந்தக் கதவைப் பூட்டி வைத்திருந்தது யார் என்று சொல்லவில்லை. ரெமிஹியோ அவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்த மனுக்களின் நகல்கள் வீட்டுப் பீரோவில் ஒரு தட்டை முழுக்க அடைத்துக்கொண்டிருக்கின்றன. துணி வைக்க இடமில்லை என்று எர்மிந்தா எத்தனையோ நாள் சண்டை போட்டிருக்கிறாள்.

பெட்டி இடது மாடத்துக்குள் போனது. வலது மாடத்தின் முகப்பில், கையால் எழுதிய வெள்ளை எழுத்தில் தியூசெல் என்றிருந்தது. எழுத்து நேராக இருந்தது, சுத்தமாகத் துடைத்திருந்தது.

ரோசமெல் செங்கல் அடுக்கிப் பூசிக்கொண்டிருக்கும்போது மரிசோல் மேயரிடம் போய் ஏதோ சொன்னாள். அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு எர்மிந்தாவின் பக்கம் வந்து, அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, உங்க பொண்ணு சொன்னாங்க. நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. முன்பக்கம், சைப்ரஸ் மரத்தடியில நல்ல இடம் ஒண்ணு இருக்கு. உங்களுக்காக நானே கையெழுத்து போடறேன்."

"எனக்கு எதுக்கு?" என்றாள் எர்மிந்தா.

"இல்ல, உங்க இடம் போயிடுச்சுன்னு…"

"எனக்குத்தான் அடையாள எண் இருக்கே. இங்கயே இப்பவே நான் விழுந்து செத்தாலும் நகராட்சி எனக்கு இடம் குடுத்துத்தான் ஆகணும். அது சட்டம். நீங்க கையெழுத்து போடணும்னா இல்லாதவங்களுக்குப் போடுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவளுக்கே உறைத்தது. நெஞ்சு வலியும் கெட்டி உடம்பும் காரணமில்லை. எண் இருக்கிறவளுக்கு எப்படியும் இடம் கிடைக்கும், இல்லாதவனுக்குக் கிடைக்காது, மனுஷன் போட்ட கணக்கு இதுதான். ஒரே ஒரு வாக்கியம். சாப்பிடும்போது, படுக்கும்போது, இரண்டு வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் அவளிடம் சொல்லியிருக்கலாம். இப்போது முழங்கால் வலியோடு மேயருக்கு முன்னால் நின்று அவளாகவே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. பூசிக்கொண்டிருந்த செங்கல் சுவரை அவள் முறைத்துப் பார்த்தாள்.

"அது விதிமுறை சம்பந்தப்பட்டதும்மா," என்றார் மேயர். "நகர மன்றத்துல வைக்கணும்."

"மன்றம் எப்ப கூடுது?"

மேயர் செயலாளரைப் பார்த்தார். "செவ்வாய்க்கிழமை," என்றார் செயலாளர்.

"எத்தனை மணிக்கு?"

"பத்துக்கு."

"பத்துக்கு வர்றேன். உக்கார நாற்காலி இருக்குமா?"

"அம்மா," என்றாள் மரிசோல் தணிந்த குரலில். "நீயுமா?"

"உனக்கு சாயங்காலம் பஸ் இருக்குன்னியே, கிளம்பு."

மரிசோல் கிளம்பவில்லை. தாயின் கையிலிருந்த கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

மேயர் போனார். கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. ரோசமெல் பூச்சுக் கரண்டியைக் கழுவிவிட்டு, மலர் வளையத்தைத் தூக்கி இரண்டு மாடங்களுக்கும் நடுவிலிருந்த கொக்கியில் மாட்டினான். அது அந்த இடத்துக்கு மிகப் பெரியது. ஈரச் சிமெண்டை மறைத்தது போக, பக்கத்து முகப்பிலும் பாதியை மறைத்துக்கொண்டு தொங்கியது. தியூசெலின் பெயரில் கடைசி எழுத்து மட்டும் தெரிந்தது.

எர்மிந்தா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கிட்டே போய், வளையத்தை இரண்டு கையாலும் பிடித்து இடப்பக்கம் இழுத்தாள். அது வரவில்லை.

"விடுங்கம்மா, அது கிடக்கட்டும்," என்றான் ரோசமெல்.

அவள் விடவில்லை. தோளைக் கொடுத்து நெம்பினாள். ரிப்பன் மடங்கி மேயரின் பெயர் உள்ளே போனது. முழுப் பெயரும் தெரியும் வரைக்கும் நெம்பிவிட்டு, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"நடங்க," என்றாள் பொதுவாக. "வீட்டுல அத்தனை பானையையும் யாரு கழுவுறது?"

வளையத்திலிருந்து இரண்டு பூக்கள் உதிர்ந்து கீழே கிடந்தன. மிர்லாந்த் குனிந்து எடுத்தாள். எந்த மாடத்தில் வைப்பது என்று தெரியாமல் அவற்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.